மூன்றாம் தடவை கேட்கும்போது

அன்புள்ள ஐயா,

வயது 34. ஆறு வருடமாகப் பைபோலாருக்கு, அதாவது மனம் அளவுக்கு மீறிப் பொங்குவதும் சோர்வதுமாக மாறும் நோய்க்கு, மாத்திரை சாப்பிடுகிறேன். ஒன்றரை வருடமாக மனநிலை பெரிதாக ஏறி இறங்கவில்லை. ஆனால் அலுவலகத்தில் புதிதாக எது சொல்லிக் கொடுத்தாலும் மண்டையில் நிற்பதில்லை. புது மென்பொருளில் ஒரு பதிவைத் திருத்துவது எப்படி என்று, என்னைவிடப் பத்து வயது சிறியவரிடம் மூன்றாம் தடவையாகக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, சின்னதாக ஒரு பெருமூச்சு விட்டார். அதிலிருந்து யாரிடமும் கேட்கவே கூசுகிறது. என் மூளை கெட்டுவிட்டதா? மேலாளரிடம் வியாதியைச் சொல்லிவிடலாமா?

(பெயர் வேண்டாமே)

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் பெருமூச்சு எனக்கும் பழக்கம். நானும் வெகுகாலமாக இதே மாத்திரைக்காரன்தான்.

முதலில் ஒன்று, இது உங்கள் கற்பனை இல்லை. 1899இல் எமில் கிரேப்லின் என்ற ஜெர்மன் மனநல மருத்துவர் இந்த நோயைத் தனியாகப் பிரித்துக் காட்டியபோது, ஒரு சுற்று முடிந்ததும் மனிதர் பழையபடி மீண்டுவிடுவார் என்பதையே முக்கிய அடையாளமாகச் சொன்னார். அந்த எண்ணம் நெடுங்காலம் நின்றது. ஆனால் மனம் அமைதியாக இருக்கும் காலத்திலும் பலருக்குக் கவனமும் கேட்டதை நினைவில் வைப்பதும் கொஞ்சம் தடுமாறும் என்பதை இன்று மருத்துவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். எல்லோருக்கும் இல்லை, ஒரே அளவிலும் இல்லை.

'மறதி' என்ற சொல்தான் நம்மைக் குழப்புகிறது. மறக்க வேண்டுமென்றால் விஷயம் முதலில் உள்ளே போயிருக்க வேண்டுமே! சோர்வான நாட்களில் எதிரே இருப்பவர் மூன்றாவது படிக்குப் போயிருப்பார், நான் முதல் படியிலேயே நின்றுகொண்டிருப்பேன். ஏற்றத்தில் நேர்மாறு, எல்லாமே புரிந்துவிட்டதாகத் தோன்றும். அப்படி ஒரு வாரத்தில், ஏதோ பயிற்சி வகுப்பில் எழுதிய நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒன்பது பக்கம், மூன்று நிற மை, எல்லா வரிக்கும் அடிக்கோடு, பக்கத்துக்குப் பக்கம் அம்புக்குறி. வகுப்பு எதைப் பற்றியது என்பது மட்டும் அதில் எங்கும் இல்லை.

அப்புறம், மாத்திரைகள். மனநிலையைச் சமமாக வைக்கக் கொடுக்கும் லித்தியம் சாப்பிடுபவர்களுக்குத் தைராய்டு சுரப்பு குறையலாம். குறைந்தால் இதே மந்தம்தான் வரும், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். விறைப்புக்கும் நடுக்கத்துக்கும் கொடுக்கும் டிரைஹெக்ஸிஃபெனிடில், பதற்றத்துக்குக் கொடுக்கும் குளோனசெபாம் இரண்டுமே நினைவை மழுக்கக்கூடியவை. எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், குறிப்பாக லித்தியத்தைத் திடீரென்று விட்டால் நோய் திரும்பிவரும் ஆபத்து அதிகம். மருத்துவரிடம் 'ஞாபகமறதி' என்று பொதுவாகச் சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். மூன்று தடவை கேட்ட கதையை அப்படியே சொல்லுங்கள். எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

2013இல் ஸ்பெயினில் இதற்கென்றே 21 வாரப் பயிற்சி ஒன்றைச் சோதித்துப் பார்த்தார்கள். வந்தவர்களின் அன்றாடக் காரியங்கள் மேம்பட்டன, நினைவுச் சோதனைகளில் பெரிய மாற்றமில்லை. எனக்கு அது ஆறுதலான செய்திதான். ஞாபகம் வளரும்வரை வேலை காத்திருக்க வேண்டியதில்லை.

நான் செய்வது இதுதான். அடுத்தவர் செய்து காட்டுவதைப் பார்ப்பதில்லை. மவுஸ் என் கையில், அவர் வாயால் சொல்வார். முடிந்ததும் என் சொற்களில் ஐந்தாறு வரி எழுதிவிடுவேன். மறுநாள் காலை நோட்டைத் திறக்காமல் ஒருமுறை செய்துபார்ப்பேன், சிக்கிய இடத்தில் மட்டும் திறப்பேன். இந்தச் சிக்கல்தான் மனதில் பதியவைக்கிறது.

மேலாளர் விஷயத்தில் அவசரம் வேண்டாம். சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது. நோயின் பெயர் சொல்லாமலே தேவையைக் கேட்கலாம்: "வாயால் சொன்னதை இரண்டு வரி மின்னஞ்சலிலும் போட்டுவிடுங்கள், எழுத்தில் இருந்தால் எனக்குச் சீக்கிரம் பிடிபடும்." இதற்கு யாரும் காரணம் கேட்டதாக எனக்கு நினைவில்லை (என் நினைவை எவ்வளவு நம்பலாம் என்பது வேறு விஷயம்). இது போதாமல் வேலைக்கே ஆபத்து என்ற நிலை வந்தால், சரி, அப்போது மருத்துவரின் கடிதத்தோடு பேசுங்கள்.

நான்காம் தடவை கேட்க நேர்ந்தால், நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, "இந்தப் படிவரை வந்துவிட்டேன், இதற்கு மேல் தெரியவில்லை" என்று கேட்டுப்பாருங்கள். அப்படிக் கேட்க ஆரம்பித்த பிறகு எனக்கு அந்தப் பெருமூச்சு காதில் விழவில்லை. எழுதிக்கொண்டிருந்ததில் கவனிக்காமலும் இருந்திருக்கலாம்.