உறுப்பினர் வீட்டில் இடி விழுந்தால் சங்கம் என்ன செய்யலாம்? வாசகர் கேள்வி – பதில்

சேவைச் சங்கங்கள் ஊருக்குச் செய்கிற உதவி பற்றி இந்தப் பகுதியில் பலமுறை எழுதியாயிற்று. சங்கத்து ஆளுக்கே கஷ்டம் வந்தால் என்ன செய்வது என்று டெல்டாவிலிருந்து வந்த கடிதங்களுக்கு இம்முறை பதில்.

கேள்வி: எங்கள் லயன்ஸ் சங்கத்தில் மூத்த உறுப்பினர், பாத்திரக் கடை வைத்திருந்தவர், மாரடைப்பில் காலமாகிவிட்டார். மனைவி, கல்லூரியில் படிக்கும் பெண், பத்தாம் வகுப்புப் பையன். கண் சிகிச்சை முகாமுக்காகக் கடைத்தெருவில் வசூலித்த 1,80,000 ரூபாய் சேவைக் கணக்கில் இருக்கிறது. அதிலிருந்து ஒரு லட்சம் கொடுத்துவிடலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
— செயலாளர், கும்பகோணம்

பதில்: கொடுக்கக் கூடாது. மனசு கேட்காது, தெரிகிறது. ஆனால் அது கண் அறுவைக்கென்று கடைக்காரர்கள் கொடுத்த பணம். லயன்ஸ் அமைப்பில் நிர்வாகக் கணக்கு, சேவைக் கணக்கு என்று இரண்டு தனித்தனியாக வைக்கச் சொல்வதே இதற்காகத்தான். பொதுமக்களிடம் திரட்டியது பொதுமக்களுக்கே போக வேண்டும். ரோட்டரியிலும் இதே கதைதான். ரோட்டரி ஃபவுண்டேஷன் மானியத்தின் பலன் உறுப்பினருக்கோ, அவருடைய மனைவி, பிள்ளைகள், பெற்றோருக்கோ போகக் கூடாது. உங்கள் சங்கமோ அதன் அறக்கட்டளையோ வருமான வரி விலக்குப் பெற்றிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். நிர்வாகிகளுக்கும் அவர்கள் உறவினருக்கும் பலன் போனதாகத் தெரிந்தால் விலக்கே ஆட்டம் கண்டுவிடும்.

செய்ய வேண்டியது வேறு. கூட்டத்தில், "இது சங்க நிதி அல்ல, உறுப்பினர்கள் தனிப்பட்ட முறையில் தருவது" என்று ஒரு வரி தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும். பணம் சங்கக் கணக்கைத் தொடாமல் நேராக அந்த அம்மாவின் சேமிப்புக் கணக்குக்குப் போகட்டும். இறந்தவரின் கணக்கில் போட்டுவிடாதீர்கள். வங்கிக்குத் தகவல் போனதும் அது நின்றுவிடும், உள்ளே போன பணத்தை எடுக்க மாதக்கணக்கில் நடக்க வேண்டும்.

"ஆளுக்கு 5,000" என்று நிர்ணயிப்பதுதான் பல சங்கங்கள் செய்கிற தவறு. நகைக்கடைக்காரருக்கு அது ஒரு நாள் செலவு. டியூஷன் எடுத்துப் பிழைக்கிற உறுப்பினருக்கு அப்படியல்ல. முடியாதவர் அடுத்த கூட்டத்துக்கே வர மாட்டார். தொகையை அவரவர் விருப்பத்துக்கு விடுங்கள், யார் எவ்வளவு என்பது பொருளாளர் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். வாட்ஸ்அப் குழுவில் பெயரும் தொகையுமாகப் பட்டியல் போடுவதைப் போல அசிங்கம் வேறில்லை. அந்தப் பெண்ணும் அதே குழுவில் இருக்கிற அப்பாவின் ஃபோனைத்தான் கையில் வைத்திருப்பாள்.

வருங்காலத்துக்கு ஒன்று. உறுப்பினர் நல நிதி என்று தனியாகத் தொடங்கி, மாதம் ஆளுக்கு 100 ரூபாய் போட்டால் 40 பேர் உள்ள சங்கத்தில் வருடத்துக்கு 48,000 சேரும். யாருக்கு, எந்தச் சூழ்நிலையில், அதிகபட்சம் எவ்வளவு, முடிவெடுப்பது யார், உறவினர் முடிவிலிருந்து விலகி நிற்க வேண்டுமா என்பதை விதிமுறையில் இப்போதே எழுதி வையுங்கள். துக்கம் நடந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு விதி எழுத முடியாது.

கேள்வி: எங்கள் உறுப்பினர், 48 வயது, அரிசி ஆலையில் மேலாளர், ஸ்கூட்டரில் போகும்போது லாரி மோதி இறந்துவிட்டார். பையன் அரசு உதவி பெறும் பள்ளியில் எட்டாம் வகுப்பு. மனைவிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பணம் திரட்டிக் கொடுத்துவிட்டோம். இனி என்ன செய்வது?
— தலைவர், மன்னார்குடி

பதில்: நீங்கள் திரட்டிய தொகையைவிடப் பல மடங்கு பெரிய பணம் அந்த வீட்டுப் பீரோவுக்குள்ளேயே காகிதமாக இருக்கக்கூடும். அதை வெளியே எடுக்க ஆள் வேண்டும். சங்கத்தில் இரண்டு பேரை நியமியுங்கள். ஒருவர் ஓய்வுபெற்ற வங்கி அல்லது வருவாய்த் துறைக்காரராக இருந்தால் நல்லது. இன்னொருவர் அந்த அம்மாவோடு அலுவலகங்களுக்குப் போய் வரக்கூடிய பெண் உறுப்பினராகவோ, உறுப்பினரின் மனைவியாகவோ இருக்கட்டும். மற்றவர்கள் ஆளாளுக்கு யோசனை சொல்வதை நிறுத்த வேண்டும்.

முதலில் இறப்புச் சான்று. இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு. தஞ்சாவூர் மருத்துவமனையில் உயிர் போயிருந்தால் மன்னார்குடி நகராட்சியில் கேட்டுப் பயனில்லை. 21 நாளுக்குள் பதிவானால் கட்டணம், அனுமதி என்ற தொல்லை இல்லை. பதிவாகும் முன்பே பெயரின் எழுத்தை ஆதாரோடு ஒத்துப் பாருங்கள். ஆதாரில் 'இராஜேந்திரன்', சான்றில் 'ராஜேந்திரன்', வங்கியில் இனிஷியல் விரித்து வேறொன்று என்று இருந்தால் ஒவ்வொரு கவுன்டரிலும் திருப்பி அனுப்புவார்கள். பிறகு திருத்துவது ஒரு தனி நடை.

அடுத்து வாரிசுச் சான்று. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியருக்குப் போகும். இறந்தவரின் தாயார் இருந்தால் அவர் பெயரும், கட்டிக்கொடுத்த பெண்கள் இருந்தால் அவர்கள் பெயரும் விடுபடக் கூடாது. "அவங்களுக்கு எதுவும் வேண்டாமாம்" என்று விட்டுவிட்டால் பின்னால் வங்கியில் முட்டிக்கொண்டு நிற்கும். வேண்டாம் என்றாலும் பெயர் இருக்கட்டும், விட்டுக்கொடுப்பதைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

இனி பாஸ்புக். மே, ஜூன் மாத வரிகளில் 436 ரூபாய், 20 ரூபாய் என்று பிடித்திருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். 436 பிடித்திருந்தால் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு: எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2,00,000. 20 பிடித்திருந்தால் சுரக்ஷா விபத்துக் காப்பீடு, அது இன்னொரு 2,00,000. இரண்டும் இருந்தால் இரண்டையும் கேட்கலாம். இறந்தவர் இதில் சேர்ந்ததையே வீட்டில் சொல்லியிருக்க மாட்டார், வங்கியும் தேடி வந்து கொடுக்காது.

ஸ்கூட்டர் அவர் பெயரில் இருந்து, லைசென்ஸும் செல்லுபடியாகும் நிலையில் இருந்தால், வண்டிக் காப்பீட்டில் ஓட்டும் உரிமையாளருக்கான தனிநபர் விபத்துக் காப்பு 15,00,000 ரூபாய். பாலிசித் தாளில் அந்த வரிக்கு பிரீமியம் கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புது வண்டிக்கு ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டுவது மூன்றாம் நபர் காப்பீடு. தனிநபர் காப்பு பெரும்பாலும் ஒரு வருடத்தில் முடிந்துவிடும், அதைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள் ஏராளம். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை இரண்டிலும் நான்கைந்து நகல் எடுத்து வையுங்கள்.

லாரிக்காரர் மீதான இழப்பீட்டு மனுவை மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் 6 மாதத்துக்குள் போட்டுவிடுவது நல்லது. பிணவறை வாசலிலேயே புரோக்கர்கள் வந்து வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். அதைத் தடுத்து, நம்பிக்கையான வக்கீலைப் பிடித்து, கட்டணத்தை எழுத்தில் வாங்கிக் கொடுப்பது சங்கம் செய்யக்கூடிய பெரிய உதவிகளில் ஒன்று.

ஆலையில் பி.எஃப். பிடித்திருந்தால் சேமிப்புத் தொகை, குடும்ப ஓய்வூதியம் தவிர, அதோடு இணைந்த காப்பீட்டிலிருந்து அதிகபட்சம் 7,00,000 வரை உண்டு. படிவம் 20, 10-டி, 5-ஐ.எஃப். மூன்றையும் ஒரே மூச்சில் கொடுத்துவிடுங்கள். எல்.ஐ.சி. பாலிசி தவணை தவறியிருந்தாலும் உடனே கைவிட வேண்டாம். மாதத் தவணைக்கு 15 நாளும் மற்றவற்றுக்கு 30 நாளும் சலுகைக் காலம் இருக்கிறது, அதற்குள் இறந்திருந்தால் காப்பீடு உயிரோடுதான் இருக்கும்.

பையனுக்கு: வருவாய் ஈட்டும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தால் அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர் பெயரில் 75,000 ரூபாய் வைப்பு வைக்கும் தமிழக அரசுத் திட்டம் உண்டு. தலைமை ஆசிரியர் வழியாகத்தான் விண்ணப்பம். அவசரப்பட்டுப் பள்ளியை மாற்றிவிடாதீர்கள்.

ஏ.டி.எம். கார்டு விஷயமும் சொல்லிவிட வேண்டும். ரகசிய எண் தெரியும் என்பதற்காக இறந்தவர் கார்டில் பணம் எடுக்கக் கூடாது. நாளைக்கு மைத்துனர், மாமியார் கேள்வி கேட்டால் அந்த அம்மாதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கேள்வி: விவசாயியான எங்கள் உறுப்பினர் பக்கவாதம் வந்து மருத்துவமனையில் இருக்கிறார். மூன்று ஏக்கர் சம்பா அறுப்புக்கு நிற்கிறது. வீட்டில் அண்ணி மட்டும்தான். சங்கத்தில் பாதிப் பேர் விவசாயிகள். எப்படிப் பிரித்துக்கொள்வது?
— உறுப்பினர், திருத்துறைப்பூண்டி

பதில்: மருத்துவமனையை இரண்டு பேரும் வயலை இரண்டு பேரும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் காரில் போய்ப் பார்த்துவிட்டு வருவதால் நோயாளிக்கும் நன்மையில்லை, டீசல்தான் செலவு. துணைக்கு இருப்பவரைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் அண்ணி ஒரு இரவாவது வீட்டில் தூங்குவார். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டையையும் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். தகுதி இல்லாதவருக்குப் பொய்ச் சான்று வாங்கித் தர சங்கத்தின் செல்வாக்கைப் பயன்படுத்தாதீர்கள்.

வயல்தான் காத்திருக்காது. அறுப்புக்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை வடித்துவிடுங்கள். ஈரம் நின்றால் டயர் வைத்த அறுவடை வண்டி இறங்காது, பெல்ட் வண்டிதான், அதற்கு வாடகை கூடுதல். பக்கத்து வயல்காரர் அறுக்கிற அன்றே சேர்த்து அறுத்தால் வண்டிக்காகக் காத்திருக்கும் செலவு மிச்சமாகும். கொள்முதல் நிலையத்தில் வழக்கமான ஈரப்பத வரம்பு 17 சதவீதம். அதிகாலைப் பனியில் அறுத்த நெல்லை அப்படியே ஏற்றிக்கொண்டு போனால் திரும்பி வர வேண்டியதுதான். களத்தில் காயப்போடவும் ராத்திரி தார்ப்பாய் போடவும் ஆள் வேண்டும். சங்கத்து இளைஞர்களின் உண்மையான உழைப்பு அங்கேதான் தேவை.

நிலையத்தில் பதிவுக்குச் சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் நகல் வேண்டும். ஓ.டி.பி. வரக்கூடிய அவருடைய ஃபோன் ஆஸ்பத்திரியில் தலையணைக்கடியில் இருந்தால் நெல் இங்கே சாலையோரம் கிடக்கும். ஃபோன் யாரிடம் இருக்கும் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

எல்லோரும் மறப்பது உளுந்து. அறுப்புக்கு ஒரு வாரம் முன்பு, மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது நெல் அறுத்தபின் வரும் தரிசுக்கேற்ற ஆடுதுறை 3 உளுந்து விதையை ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ தெளித்துவிட்டால், பெரிய செலவில்லாமல் அந்தக் குடும்பத்துக்குச் சித்திரைச் செலவுக்குக் காசு வரும். அந்த வாரத்தைத் தவறவிட்டால் ஈரம் போய்விடும். வைக்கோலையும் கட்டுக் கணக்கில் பேசி விற்றுவிடுங்கள். கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைத் தவணைத் தேதிக்குள் கட்டினால் வட்டி கிடையாது, அதனால் நெல் பணம் வந்ததும் முதல் செலவு அதுவாக இருக்கட்டும். வண்டி வாடகை, ஏற்றுக்கூலி எல்லாம் ஒரு நோட்டில் எழுதி அண்ணியிடம் கொடுங்கள். "நம்ம ஆளுங்கதானே" என்று வாய்க்கணக்காக விடுவதில்தான் மனஸ்தாபம் முளைக்கிறது.

கேள்வி: வீடு தீப்பற்றி எல்லாவற்றையும் இழந்த உறுப்பினருக்காக ஆடியில் மொய்விருந்து வைக்கலாமா? எங்கள் பக்கம் அதுதானே வழக்கம்?
— வாசகர், பேராவூரணி

பதில்: நல்ல வழக்கம்தான், ஆனால் இதற்குப் பொருந்தாது. மொய் நோட்டில் ஏறியது அத்தனையும் திரும்பிப் போக வேண்டிய பணம், பெரும்பாலும் கொஞ்சம் கூட்டி. ஏற்கெனவே நிறையப் பேருக்கு மொய் செய்து வைத்திருப்பவர் என்றால் விருந்து வைத்துத் தன் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது சரி, அதை அவர் குடும்பம்தான் முடிவு செய்ய வேண்டும். சங்கம் விருந்து வைத்துப் புதிதாக மொய் எழுதினால் எரிந்த வீட்டின் மேல் ஐந்து வருடக் கடனை ஏற்றியதாகும். கிடா, சாப்பாடு, பந்தல், அழைப்பிதழ் செலவும் முதலிலேயே போய்விடும். சங்க உதவியை நோட்டில் எழுதாதீர்கள், "இது மொய் இல்லை, திருப்ப வேண்டியதில்லை" என்று வீட்டுப் பெரியவர் காதில் விழும்படி சொல்லியும் விடுங்கள். சொல்லாவிட்டால் அவர்களே எழுதி வைத்துக்கொள்வார்கள்.

கேள்வி: என் கணவர் இறந்தபின் சங்கத்தார் படத்திறப்பு அன்று மேடையில் பெரிய அட்டைக் காசோலை கொடுத்துப் படம் எடுக்க வேண்டும் என்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. மறுத்தால் தப்பாக நினைப்பார்களோ?
— வாசகி, மயிலாடுதுறை

பதில்: மறுத்துவிடுங்கள் அம்மா. "கூட்டத்தில் வேண்டாம், வங்கிக் கணக்கில் போட்டால் போதும்" என்று உங்கள் அண்ணனையோ தம்பியையோ விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். சங்கத்தின் மாவட்ட அமைப்புக்கு அனுப்பும் அறிக்கைக்குப் படம் வேண்டும் என்று சங்கத்தார் சொல்வார்கள். அதற்குத் தீர்மானத்தின் நகல் போதும்.

கேள்வி: 40 பேர் மாதம் 500 வீதம் ஒரு வருடம் தருவதாக இருக்கிறோம். அந்தக் குடும்பத்துக்கு வருமான வரி வருமா?
— பொருளாளர், தஞ்சாவூர்

பதில்: உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால், தாண்டிய பகுதி மட்டுமல்ல, முழுத் தொகையுமே அவர் வருமானமாகக் கணக்கிடப்படும். உங்கள் கணக்கில் 2,40,000. வேறு பெரிய வருமானம் இல்லாதவர் என்றால் வரி கட்ட வேண்டியிராது, ஆனால் எங்கிருந்து வந்தது என்பதற்குக் காகிதம் இருக்க வேண்டும். வேலைக்குப் போகும் அம்மா என்றால் ஆடிட்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

வரியைவிடப் பெரிய சிக்கல், நாலாவது மாதம் முதல் பணம் குறைவது. வங்கியில் தானாகப் போகிற ஏற்பாடு செய்தவர்களை மட்டும் எண்ணுங்கள். 40 பேர் சொன்னால் 25 பேரை நம்பி, 12,500 வரும் என்றே குடும்பத்திடம் சொல்லுங்கள். கூட வந்தால் ஜூன் மாதப் பள்ளிக் கட்டணத்துக்கு ஆகும். மாதம் 20,000 என்று சொல்லிவிட்டு 11,000 போட்டால் வீட்டு வாடகை கணக்கே கவிழ்ந்துவிடும்.

கேள்வி: இறந்த உறுப்பினரின் கடன்காரர்கள் நெருக்குகிறார்கள். சங்கத்தின் பெயரில் பொறுப்பேற்று எழுதிக் கொடுக்கலாமா?
— செயலாளர், பாபநாசம்

பதில்: ஒரு வரிகூட எழுதிக் கொடுக்காதீர்கள், சங்க லெட்டர்ஹெட்டில் நிச்சயமாக வேண்டாம். முதலில் கடன் பட்டியல் போடுங்கள்: வங்கி, நகை, சீட்டு, கைமாற்று. வங்கி அல்லது மைக்ரோ ஃபைனான்ஸ் கடனோடு ஆயுள் காப்பீடு சேர்த்துப் பிடித்திருந்தால் அந்தக் கடன் காப்பீட்டிலேயே தீரும். கடன் ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கும்வரை ஒரு தவணையும் கட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். நகைக்கடனில் ஏல நோட்டீஸ் வந்திருக்கிறதா என்று அதே வாரம் பார்த்தாக வேண்டும். சீட்டில் அவர் கட்டி எடுக்காமல் இருந்தால் அது கடனல்ல, வரவு. காகிதமில்லாத கைமாற்றுக்கு, சங்கத்தில் நடுநிலையான இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்து மூன்று மாத அவகாசம் வாங்கிக் கொடுங்கள். அந்த மூன்று மாதத்தில் காப்பீட்டுப் பணம் வந்துவிட்டால், யாருக்கு முதலில் என்பதை அந்த அம்மாவே முடிவு செய்யட்டும்.