பஸ்ஸில் பாட்டு கேட்கவில்லையா? சவுண்டைக் கூட்டாதீர்கள், ரப்பரை மாற்றுங்கள்

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு ஊர் கல்லிடைக்குறிச்சி. வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம், வாரத்தில் ஆறு நாளும் பஸ், பாட்டுதான் துணை. 1,200 ரூபாய்க்கு வாங்கின இயர்பட்ஸ் இருக்கிறது. பஸ் கிளம்பினதும் பாட்டு அமுங்கிப் போகிறது, சவுண்டை முழுசாக ஏற்றினால்தான் கேட்கிறது. வலது பக்கம் வேறு கொஞ்சம் குறைவு. கொஞ்ச நாளாக ராத்திரி படுத்தால் காதுக்குள் ‘ஙொய்’ என்று ஒரு சத்தம். பத்தாயிரம் ரூபாய் போட்டு நல்லதாக ஒன்று வாங்கிவிடலாமா? எதை வாங்கட்டும்?

பதில்: தம்பி, அந்தப் பத்தாயிரம் இப்போதைக்கு உங்களிடமே இருக்கட்டும். நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த ‘ஙொய்’, அதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். சத்தம் தாங்காமல் காது களைத்துப் போனதன் அடையாளமாக அது இருக்கலாம். உள்காதில் ஒலியை வாங்கி நரம்புக்கு அனுப்புகிற மயிர்ச்செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000தான் இருக்கின்றன, மனிதருக்கு அவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. ஓய்வு கொடுத்தால் களைப்பு நீங்கும், ஆனால் தினமும் களைக்க வைத்தால் போன கேட்கும் திறன் ஒரு நாள் திரும்பி வராது.

கணக்கு எழுதுகிறவர் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவுப்படி, 80 டெசிபலில் (டெசிபல் என்பது சத்தத்தை அளக்கிற அலகு) கேட்டால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். அதற்கு மேல் 3 டெசிபல் கூடும் ஒவ்வொரு முறையும் நேரம் பாதியாகக் குறையும். 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10 மணி, 90 என்றால் வெறும் 4 மணி நேரம். நீங்கள் வாரத்துக்கு 15 மணி நேரம் பஸ்ஸில் கேட்கிறீர்கள். முழு சவுண்டு என்பது பெரும்பாலான இயர்பட்ஸில் 90ஐத் தாண்டித்தான் இருக்கும். 90 என்றே வைத்துக்கொண்டாலும் திங்கட்கிழமை தொடங்கினால், செவ்வாய் சாயங்காலம் பஸ் பேட்டையைத் தாண்டும்போது அந்த வாரத்துக்கான அளவு முடிந்துவிடுகிறது. மிச்ச நாலு நாளும் கடன்தான். ஊரில் கோயில் கொடை நடந்து குழாய் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றிருந்தால் அதுவும் இதே கணக்கில்தான் சேரும்.

சரி, ஏன் முழு சவுண்டு தேவைப்படுகிறது? பாட்டு சின்னதாக இருப்பதால் இல்லை, பஸ் பெரிதாக இருப்பதால். வெளிச்சத்தம் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது, அதை ஜெயிக்கப் பாட்டை ஏற்றுகிறோம். அப்படியென்றால் வெளிச்சத்தத்தை வாசலிலேயே நிறுத்த வேண்டும், அதுதான் வேலையே. அதற்கு 1,200 ரூபாய் இயர்பட்ஸே பாதித் தூரம் வரும், காதுக்குள் போகிற முனையில் மாட்டியிருக்கும் ரப்பர் சரியாக இருந்தால்.

இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். பஸ் ஓடும்போது பாட்டைப் போட்டு, இரண்டு இயர்பட்ஸையும் விரலால் லேசாக உள்ளே அழுத்திப் பிடியுங்கள். சட்டென்று அடித்தொனி, அதாவது தவில், பேஸ் எல்லாம் கனமாகி, எஞ்சின் சத்தம் பின்னால் போனால், உங்கள் ரப்பர் காதை மூடவில்லை, ஓரத்தில் இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். வாங்கின பெட்டியிலேயே சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ஜோடி ரப்பர் கொடுத்திருப்பார்கள். பெரும்பாலானவர்கள் மாட்டியிருந்த நடுத்தரத்தோடு விட்டுவிட்டு மற்றதைப் பெட்டியோடு அலமாரியில் போட்டுவிடுகிறார்கள், எனக்கு இதைப் பார்த்தால் வயிறு எரியும். தேடி எடுத்து ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை, இடதுக்கு நடுத்தரமும் வலதுக்குப் பெரியதும் சரியாக வரும் ஆட்கள் நிறைய உண்டு. எதுவுமே பொருந்தவில்லை என்றால் ஃபோம் டிப் என்று பஞ்சு மாதிரி ஒன்று வருகிறது, அதை விரலால் உருட்டி ஒடுக்கி, காது மடலை மேலே இழுத்துக்கொண்டு உள்ளே வைத்து, விரியும் வரை அரை நிமிஷம் பிடித்தால் காதின் வடிவத்துக்கே உட்காரும். நம்ம ஊர் வேர்வைக்குச் சில மாதத்தில் தொய்ந்துபோகும், மாற்ற வேண்டும். அப்புறம், அதை மாட்டின பிறகு சார்ஜ் டப்பா மூடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒருவேளை உங்களுடையது ரப்பரே இல்லாமல் காதில் சும்மா தொங்குகிற ரகம் என்றால், அது வீட்டுக்குத்தான், பஸ்ஸுக்கு ஆகாது.

வலது பக்கம் குறைவு என்றீர்களே, அது இயர்பட்ஸா, காதா என்று தெரிந்துகொள்வது முக்கியம். ரப்பரைக் கழற்றிவிட்டு, வலது இயர்பட்ஸை இடது காதின் வாசலில் பிடித்துக் கேளுங்கள், இடதை வலது காதில். இடது காதிலும் அந்த வலது இயர்பட்ஸ் மந்தமாகவே இருந்தால் குற்றம் அதன் வலையில், அதாவது பாட்டு வெளியே வருகிற வாயில் இருக்கும் சல்லடையில், பாதி நேரம் காதழுக்கு அடைத்திருக்கும். வலையைத் தரையைப் பார்த்தபடி கவிழ்த்துப் பிடித்து, காய்ந்த மெல்லிய பல்துலக்கியால் தட்டி விடுங்கள், அழுக்கு கீழே விழும். ஊசி வேண்டாம், தண்ணீர் வேண்டாம், ஸ்பிரிட் வேண்டாவே வேண்டாம். ஆனால் எந்த இயர்பட்ஸை வைத்தாலும் வலது காதில்தான் குறைவு என்றால் தள்ளிப்போடாதீர்கள், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போய்க் கேட்கும் திறனைச் சோதித்துவிடுங்கள். ‘ஙொய்’ இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகும் நிற்கவில்லை என்றாலும் அப்படியே. ஒரு காது திடீரென்று அடைத்த மாதிரி கேட்காமல் போனால் அன்றைக்கே போக வேண்டும், அதற்கு வைத்தியம் நாள் கடக்கக் கடக்கப் பலிப்பது குறையும்.

இனி ஏ.என்.சி. (ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலேஷன்) பற்றி. வெளிச்சத்தத்தை ஒரு மைக்கில் வாங்கி, அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி அடித்துவிடுகிற வித்தை இது. 1978ல் விமானத்தில் போகும்போது போஸ் ஸ்பீக்கர் கம்பெனியைத் தொடங்கின அமர் போஸுக்குத் தோன்றின யோசனையில் பிறந்த ஹெட்செட் 1989ல் விமானிகளுக்கு விற்பனைக்கு வந்தது, இப்போது 3,000 ரூபாய்க்குள்ளேயே இயர்பட்ஸில் கிடைக்கிறது. எஞ்சினின் ஒரே சீரான உறுமலை இது நன்றாக அடக்கும், ஹாரனையும் கண்டக்டர் விசிலையும் அவ்வளவாக அடக்காது, அதை ரப்பர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ரப்பர் சரியில்லை என்றால் ஏ.என்.சி.யும் பாதி வீண். இன்னொன்று, ஆடிக் காற்றில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் காற்று மைக்கில் மோதி இன்னும் அதிகமாகக் கடகடக்கும். ஒன்று நடு சீட்டில் உட்காருங்கள், இல்லை காற்றுச் சத்தத்தைக் குறைக்கும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எல்டாக் (ப்ளூடூத்தில் பாட்டை இன்னும் துல்லியமாக அனுப்புகிற முறை) போன்ற பெரிய பெயர்களுக்காகப் பஸ்ஸில் கேட்கப் பணம் கொடுக்காதீர்கள், அந்த நுணுக்கம் சேரன்மகாதேவி ரோட்டுக் குலுக்கலில் யாருக்கும் கேட்காது.

என்ன பாட்டு கேட்கிறீர்கள் என்று எழுதவில்லை. நாதஸ்வரம் என்றால் ஒரு சேதி. உங்கள் பஸ் தினமும் காருகுறிச்சியைத் தொட்டுத்தான் வருகிறது, காருகுறிச்சி அருணாசலம் பிறந்த ஊர். அவருடைய ஆலாபனையைப் பஸ்ஸில் போட்டால் மெல்லிய இழைகள் எல்லாம் எஞ்சினில் கரைந்துபோகும், அதைக் கேட்க நீங்கள் சவுண்டை ஏற்றுவீர்கள், கொஞ்ச நேரத்தில் தவில் தனி வந்து அதே சவுண்டில் காதில் அறையும். அதனால் ஆலாபனையை ராத்திரி வீட்டு மொட்டை மாடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸுக்கு ஒரே சீராக ஒலிக்கிற சினிமாப் பாட்டு போதும், ஆப் செட்டிங்கில் எல்லாப் பாட்டையும் ஒரே அளவில் ஒலிக்க வைக்கும் வசதியையும் போட்டுவிடுங்கள்.

சவுண்டு எவ்வளவு வைப்பது என்றால், வீட்டில் ஃபேன்கூட ஓடாத அறையில் சுகமாகக் கேட்கிற அளவைப் பார்த்து, எத்தனை கட்டம் என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் அதற்கு மேல் இரண்டு கட்டம், அவ்வளவுதான். பல ஃபோன்களில் இந்த உச்சத்தைப் பூட்டியே வைக்கலாம். ஐஃபோன் என்றால் டெசிபலையே காட்டும்.

முதல் இரண்டு நாள் காதுக்கு முழு ஓய்வு. அப்புறம் ரப்பரை மாற்றி, வலையைச் சுத்தம் பண்ணி, ஒரு வாரம் இந்த அளவில் போய் வாருங்கள். அந்த இரண்டு கட்டத்தில் பாட்டு வரி புரிகிறதா, ராத்திரி ‘ஙொய்’ இருக்கிறதா என்று எழுதுங்கள். வரி புரியவில்லை என்றால் 3,000 ரூபாய்க்குள் ஒரு ஏ.என்.சி. பார்த்துச் சொல்கிறேன்.