கடல் பயத்தோட தூத்துக்குடி பாக்கப் போகலாமா?

அம்பாசமுத்திரத்துலேர்ந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. ஆத்துல குதிச்சு வளந்தவங்க, ஆனா எட்டு வயசுல திருச்செந்தூர்ல அலை புரட்டிப் போட்டதுலேர்ந்து கடலப் பாத்தாலே நெஞ்சு படபடன்னு அடிச்சு மூச்சு முட்டுதாம். இப்ப லீவுக்கு தூத்துக்குடில வீட்டுக்காரரோட அக்கா வீட்டுக்குப் போகணும், அஞ்சாப்பு படிக்கிற மக கப்பல் பாக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கா, மாமியார் என்னடான்னா "ஒரு தடவ தண்ணிக்குள்ள இழுத்துட்டுப் போனா எல்லாம் சரியாயிரும்"ங்காங்களாம். போகவா வேண்டாமா, பிள்ளைகிட்ட என்ன சொல்லன்னு கேட்டிருக்காங்க.

தங்கச்சி, தாராளமா போங்க. ஆனா யாரையும் உங்கள இழுக்க மட்டும் விட்டுராதீய. அந்த வார்த்தைய வாசிச்சதும் எனக்கு மனசு பதறிட்டு, எட்டு வயசுல நடந்தத திரும்ப ஒரு தடவ நடத்திக் காட்டுறது வைத்தியமா? கிளம்ப முன்னாடியே வீட்டுக்காரர்கிட்ட இத தெளிவா பேசிருங்க.

பயம் ஒரு அளவுக்கு ஏறும், உச்சில கொஞ்ச நேரம் நிக்கும், நீங்க ஒண்ணும் செய்யாட்டாலும் தானா இறங்கும், ஒடம்பால ரொம்ப நேரம் அப்படியே படபடத்துக்கிட்டு இருக்க முடியாது. நாம என்ன செய்யுதோம்னா உச்சில இருக்கும்போதே ஓடி வந்துருதோம், உடனே மனசு ஓடுனதாலதான் தப்பிச்சோம்னு எடுத்துக்கும், அடுத்த தடவ இன்னும் சீக்கிரமா பயம் வந்துரும். அதனால தாங்குற தூரத்துல நில்லுங்க, இறங்குற வரைக்கும் நில்லுங்க, அவ்வளவுதான். நாலு எண்ணி மூச்ச இழுத்து ஆறு எண்ணி விடுங்க.

தூத்துக்குடில எந்த தூரத்துல கடல வச்சுக்கணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம். முதல்ல உப்பளம் போங்க, வெயில் ஏற முன்னாடி. பாத்தி பாத்தியா கணுக்கால் தண்ணி, அலையும் இல்ல ஆழமும் இல்ல. வரப்போரமா குனிஞ்சு தொட்டுப் பாருங்க, பிசுபிசுன்னு இருக்கும், விரல் காஞ்சதும் வெள்ளையா பூக்கும். அங்க வேலை செய்யுதவங்க அந்த வெளிச்சத்துலயே நாள் பூரா நிக்காங்க, நமக்கு அரை மணி நேரத்துலயே கண்ணு கூசிரும்.

அடுத்து பனிமய மாதா கோயில், 1713ல கட்டுனது. உள்ள உக்காந்திருங்க, காத்துல கடல் வாசம் வரும், அதுவே ஒரு படிதான். ஆகஸ்ட் 5 திருவிழா சமயத்துல மட்டும் வேண்டாம், கூட்டத்துல மூச்சு முட்டுனா எது பயம் எது நெரிசல்னு உங்களுக்கே தெரியாது. சாயங்காலம் பீச் ரோட்டுல ரோச் பூங்கா, பெஞ்சுல உக்காந்து தூரத்துலேர்ந்து பாருங்க. மன்னார் வளைகுடாங்கதால இங்க கடல் பெரும்பாலும் கன்னியாகுமரி மாதிரி சீறாது. முடிஞ்சா மறுநாள் முத்துநகர் பீச், மணல்ல பத்தடி, முடியலன்னா அதே பெஞ்சு.

கப்பல் காட்டுறது அப்பா வேலையா இருக்கட்டும். பழைய துறைமுகத்துல மரத்தோணிகள காட்டி, 1906ல வ.உ.சி. வெள்ளக்காரனுக்குப் போட்டியா கப்பல் கம்பெனி ஆரம்பிச்சது இந்த ஊர்லதான்னு சொல்லட்டும். வரும்போது மக்ரூன் வாங்கிட்டு வரச் சொல்லுங்க.

டிவில கடலப் பாத்தாலே நெஞ்சு அப்படி படபடக்குதுன்னா மட்டும் டாக்டரப் பாக்குறத தள்ளிப் போடாதீய, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கு, இல்லன்னா அரசோட மனநல உதவி எண் 14416க்கு போன் பண்ணுங்க, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.

மகளுக்குப் பத்து வயசு, மறைச்சாலும் உங்க கை நடுங்குறத அவ பாத்துருவா. பஸ்ஸுலயே சொல்லிருங்க: "அம்மாவுக்கு கடல்னா பயம்ளா, கொஞ்சம் கொஞ்சமா பக்கத்துல போய்ப் பாக்கப் போறேன், நீ என் கையப் பிடிச்சுக்கோ, இழுக்காத."