யூட்டா கேன்யன் ரோடு ட்ரிப்: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

நாங்க அமெரிக்காவுல லாஸ் வேகஸ்ல இருக்கறது 11 வருஷமா. லாங் வீக்கெண்ட் கிடைச்சா வண்டி தானா பக்கத்து மாநிலம் யூட்டா பக்கம், அங்க இருக்கற கேன்யன் (செங்குத்துப் பள்ளத்தாக்கு) பார்க்குங்க பக்கம் திரும்பிடும், எத்தனை தடவை போனோம்னு எண்றதை எப்பவோ விட்டாச்சு. போன வாரம் "அந்தப் பக்கம் போறவங்க கேளுங்க"ன்னு சும்மா சொன்னேன், இத்தனை கேள்வி வரும்னு நெனைக்கல. ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் சேர்த்துட்டேன்.

கார்த்தி: அக்கா, 5 நாள் லீவு இருக்கு. வேகஸ்ல இறங்கி சயான், பிரைஸ், கேபிடல் ரீஃப், ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ், மான்யுமென்ட் வேலி, ஆன்டிலோப், கிராண்ட் கேன்யன் எல்லாத்தையும் முடிக்கலாமா?

முடிக்கலாம் தம்பி, வண்டிய விட்டு கீழ இறங்கலன்னா. நீ சொன்ன லிஸ்ட்ல மோவாப் ஊர்ப்பக்கம் இருக்கற ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் ரெண்டையும், கிராண்ட் கேன்யனையும் இந்தத் தடவை வெட்டிடு. மிச்சத்துக்கு நான் எல்லாருக்கும் சொல்ற லூப் இதுதான்: வேகஸ், சயான், பிரைஸ், அங்கிருந்து ஹைவே 12 பிடிச்சு எஸ்கலான்டே, போல்டர், டோரி, அப்புறம் கேபிடல் ரீஃப், ஹேங்க்ஸ்வில், ஹைவே 95 வழியா நேச்சுரல் பிரிட்ஜஸ், மெக்சிகன் ஹேட், மான்யுமென்ட் வேலி, பேஜ் (ஆன்டிலோப் இங்கதான்), கனாப், திரும்ப வேகஸ். கிட்டத்தட்ட 1000 மைல் வரும். 8 நாள் இருந்தா அருமை, 7 நாள்னா பரவால்ல, 5 நாள்னா பிரைஸ்லயே திரும்பிடு, நான் கோவிச்சுக்க மாட்டேன்.

ஒண்ணு புரிஞ்சுக்கோ, இந்த ஊர்ப்பக்கம் பார்க்குக்கும் பார்க்குக்கும் நடுவுல வர்ற ரோடுதான் ட்ரிப்பே. ஹைவே 12 மொத்தமே 120 மைல் சொச்சம்தான், ஆனா அதுக்கு ஒரு முழு நாள் ஒதுக்கணும். எஸ்கலான்டேக்கும் போல்டருக்கும் நடுவுல ஹாக்ஸ்பேக்னு ஒரு இடம், மலை முதுகு மேல ரோடு, ரெண்டு பக்கமும் பாதாளம், தடுப்புக் கம்பி கிடையாது. போல்டருக்கு 1930கள்லகூட கோவேறு கழுதை மேலதான் தபால் போச்சுங்கறது அந்த இடத்தைப் பார்த்தா ஆச்சரியமாவே இருக்காது. (உள்ளூர்க்காரங்க எஸ்கலான்ட்னு தான் சொல்வாங்க, கடைசி 'டே' கிடையாது. நீங்க டேன்னு சொன்னா சிரிப்பாங்க, அவ்ளோதான்.)

ரகு: கேஸ் (பெட்ரோல்) விஷயம் எப்படிங்க அக்கா? ஒரு டேங்க்ல 350 மைல் ஓடும்.

பாதி டேங்க் ஆனா ரொப்பிடுங்க, விலையெல்லாம் பாக்காதீங்க. ஹேங்க்ஸ்வில் தாண்டி ஹைவே 95ல ஏறினா பிளாண்டிங் வரைக்கும் 120 மைலுக்கு மேல, நடுவுல பெரிய ஊர்னு ஒண்ணும் இல்ல. அதனால ஹேங்க்ஸ்வில்ல நிரப்பாம நகரவே கூடாது, அங்க பாறையைக் குடைஞ்சு உள்ள கடை வெச்சிருக்கற ஒரு கேஸ் ஸ்டேஷனே இருக்கு, பசங்களுக்குப் பிடிக்கும். மோவாப்ல இருந்து ஐ-70 வழியா திரும்பறவங்களும் கவனம், கிரீன் ரிவர்ல இருந்து சாலினா வரைக்கும் 100 மைலுக்கு மேல ஒரு பங்க்கும் இல்ல.

இன்னொண்ணு, இங்க சாதா கேஸ்னு போட்டிருக்கறது 85 ஆக்டேன். உங்க வண்டி மேனுவல்ல 87னு இருந்தா நடு பட்டனை அமுக்குங்க. எங்க வீட்டுக்காரர் ரொம்ப நாள் இதைக் கவனிக்கவே இல்ல.

சுபா: பிரைஸ்ல இருந்து பேஜ் போக கூகிள் மேப்ல காட்டன்வுட் கேன்யன் ரோடுன்னு குறுக்கு வழி காட்டுது, மைல் ரொம்ப கம்மி. போலாமாக்கா?

இந்தக் கேள்விக்காகவே உக்காந்திருந்தேன் சுபா. அது 46 மைல் மண் ரோடு. காஞ்சிருந்தா நல்ல உசரமான வண்டில அழகா போயிடலாம், ரொம்ப அழகான ரோடும்கூட. நனைஞ்சா? அங்க இருக்கறது சாதா மண் இல்ல, தண்ணி பட்டா ஊதற களிமண், சோப்பைக் கரைச்சு ஊத்தின மாதிரி ஆகிடும், ஃபோர் வீல் டிரைவ் இருந்தாலும் நாலு சக்கரமும் சேர்ந்து வழுக்கும், அதுதான் வித்தியாசம்.

எங்களுக்கு நடந்ததையே சொல்றேன். ஒரு ஏப்ரல் மாசம், ரெண்டல் எஸ்யூவி, வானத்துல ஒரு மேகம், 'தூறல்தானே'ன்னு உள்ள போயிட்டோம். எட்டு மைல் போறதுக்குள்ள டயர்ல சேறு அப்பி, பட்டன் எல்லாம் மறைஞ்சு டயரே வழவழன்னு டோனட் மாதிரி ஆகிடுச்சு, வண்டி தானா ஓரத்துக்குப் போய் சாஞ்சு நின்னுச்சு. சிக்னல் இல்ல. ராத்திரி வண்டிலயே படுத்தோம், குளிர்னா குளிரு. மறுநாள் மத்தியானம் வெயில் வந்து மண்ணு காஞ்ச பிறகு வந்த வழியே திரும்பினோம். வெளில வந்து விசாரிச்சா, அந்த ரோட்டுக்குள்ள இருந்து டோ பண்ண ஆயிரம் டாலருக்கு மேல ஆகும்னாங்க. ரெண்டல் பேப்பரைப் படிச்சுப் பாருங்க, மண் ரோட்டுல என்ன ஆனாலும் இன்ஷூரன்ஸ் கிடையாதுன்னு பொடி எழுத்துல இருக்கும். எங்களுக்கு சேறு கழுவினதுக்கே தனி பில் வந்துச்சு.

அதனால கேனன்வில்லயோ கனாப்லயோ எஸ்கலான்டேலயோ இருக்கற விசிட்டர் சென்டர்ல நேர்ல போய்க் கேளுங்க, "இன்னைக்கு எப்படி இருக்கு, நேத்து மழை பெஞ்சுதா"ன்னு. அவங்க முகத்தைச் சுளிச்சா ஹைவே 89ல சுத்திப் போங்க. எஸ்கலான்டே பக்கம் இருக்கற ஹோல் இன் தி ராக் மண் ரோடுக்கும் இதேதான், அதுல போதாக்குறைக்கு பலகை பலகையா மேடுபள்ளம், பல்லு ஆடிடும்.

பிரவீன்: ஜூலை கடைசில தான் லீவு. ஃப்ளாஷ் ஃப்ளட் (திடீர் வெள்ளம்) பயம் உண்மையா இல்ல சும்மா போர்டு வெச்சிருக்காங்களா?

உண்மை ப்ரோ. ஜூலைல ஆரம்பிச்சு செப்டம்பர் பாதி வரைக்கும் மான்சூன், மத்தியானத்துக்கு மேல திடீர்னு இடி மழை. பாறை தண்ணியைக் குடிக்காது, விழுந்த மழை அப்படியே ஓடி ஒடுக்கமான கேன்யனுக்குள்ள சேரும். 1997 ஆகஸ்ட் 12, லோயர் ஆன்டிலோப்ல 11 டூரிஸ்ட் செத்துப் போனாங்க, மழை பெஞ்சது அங்க இல்ல, பல மைல் மேல. அதனால தலைக்கு மேல நீல வானம் இருக்கேன்னு நம்பாதீங்க, தண்ணி எங்கிருந்து வருதோ அந்தப் பக்கத்துக்கு என்ன ஃபோர்காஸ்ட்னு பாருங்க. அந்த மாதிரி ஒடுக்கமான ஸ்லாட் கேன்யன் உள்ள நடக்கறதா இருந்தா காலைல சீக்கிரம் போயிட்டு வெளில வந்துடுங்க. ரோடுக்குக் குறுக்க பழுப்பா தண்ணி ஓடினா நில்லுங்க, ஒரு மணி நேரம் ரெண்டு மணி நேரத்துல வடிஞ்சிடும்.

லீவை மாத்த முடிஞ்சா செப்டம்பர் கடைசி, அக்டோபர். அப்போ ஹைவே 12ல போல்டர் மலை மேல ஆஸ்பென் மரமெல்லாம் மஞ்சளா இருக்கும்.

வித்யா: மோக்கி டக்வே வீடியோ பார்த்துட்டு எங்கம்மா வரமாட்டேன்னுட்டாங்க. அவ்வளவு மோசமா?

வீடியோல தெரியற அளவுக்கு இல்லம்மா. நேச்சுரல் பிரிட்ஜஸ்ல இருந்து மெக்சிகன் ஹேட் போற வழில வர்ற 3 மைல் சரளைக்கல் ரோடு, கொண்டை ஊசி வளைவு, 1,000 அடிக்கு மேல இறக்கம், 11 பர்சென்ட் சரிவு. 1950கள்ல யுரேனியம் தாது லாரி ஓட்டறதுக்காகப் போட்டது, லாரியே இறங்கின ரோடு. காஞ்சிருந்தா சாதா கார் போதும். லோ கியர்ல போட்டு மெதுவா இறங்குங்க, பிரேக்கை மிதிச்சுட்டே வராதீங்க. ஆர்வி (வீடு மாதிரி பெரிய வண்டி), டிரெய்லர் இருந்தா வேண்டவே வேண்டாம்.

அம்மா ஒத்துக்கவே இல்லன்னா 95லயே நேரா போய் பிளாண்டிங், பிளஃப் வழியா மெக்சிகன் ஹேட் வந்துடலாம், முழுக்க தார் ரோடு. பெரியவங்களைப் பயமுறுத்தி கூட்டிட்டுப் போய் என்ன ஆகப்போகுது.

மணி: ஆன்டிலோப் டூர் டைமிங் குழப்பமா இருக்கே?

குழப்பம்தான் சார், நாங்களே ஒரு டூரை விட்டிருக்கோம். அரிசோனால கோடைக்காலத்துல கடிகாரத்தை மாத்த மாட்டாங்க, யூட்டால மாத்துவாங்க, நவஹோ நேஷன் (நவஹோ பழங்குடிகளோட தன்னாட்சி நிலம்) அரிசோனாக்குள்ள இருந்தாலும் மாத்துவாங்க. ஆன்டிலோப் நவஹோ நிலம்தான், ஆனா டூர் ஓடறது பேஜ் டைம்ல, அதாவது அரிசோனா டைம். மார்ச்ல இருந்து நவம்பர் வரைக்கும் யூட்டாவும் மான்யுமென்ட் வேலியும் பேஜை விட ஒரு மணி முன்னாடி இருக்கும். அந்த சீசன்ல பேஜும் வேகஸும் ஒரே டைம், அதனால நான் கைக்கடிகாரத்துல வேகஸ் டைமே வெச்சுக்கறேன். போனை நம்பாதீங்க, எந்த டவர் பிடிக்குதோ அதுக்கேத்த மாதிரி மாறிட்டே இருக்கும்.

ரகு (திரும்பவும்): ஒரு பாஸ் வாங்கினா எல்லாத்துக்கும் செல்லுமா?

நேஷனல் பார்க், நேச்சுரல் பிரிட்ஜஸ் மாதிரி மான்யுமென்ட்டுக்குச் செல்லும். இங்க ரெசிடென்ட்டா இருந்தா வருஷப் பாஸ் 80 டாலர், 2026ல இருந்து வெளிநாட்டுல இருந்து வர்றவங்களுக்கு 250. மான்யுமென்ட் வேலில செல்லாது, அது நவஹோ ட்ரைபல் பார்க், தனிக் காசு. கூஸ்நெக்ஸ், காப்ளின் வேலி எல்லாம் ஸ்டேட் பார்க், அங்கயும் செல்லாது. நவஹோ நிலத்துல மதுவுக்குத் தடை, கூலர்ல பீர் கிடந்தா முன்னாடியே காலி பண்ணிடுங்க.

மீனாட்சி: என் மாமனார் மாமியார் கூட வர்றாங்க, மே மாசம். பாலைவனம்தானேன்னு காட்டன் துணிதான் எடுத்து வெச்சிருக்கேன்.

ஸ்வெட்டர் எடுத்து வைம்மா முதல்ல. பிரைஸ் விளிம்பு 8,000 அடிக்கு மேல, ஹைவே 12 போல்டர் மலை மேல ஏறும்போது 9,600 அடி, மே மாசம் பனி விழுந்து பார்த்திருக்கேன். பெரியவங்களுக்கு மூச்சு வாங்கும், முதல் நாள் நடக்க வைக்காதீங்க. பிரைஸ்ல இறங்கறது சுலபம், ஏறுறதுதான் வேலை, விளிம்பு மேலயே நடந்தாலும் காட்சி அதேதான். தண்ணி ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர்னு கணக்கு வெச்சு வண்டில போடுங்க. பாத்ரூம் நிறைய இடத்துல குழி டாய்லெட்தான், டிஷ்யூ நீங்களே வெச்சுக்கங்க. சாப்பாட்டுக்கு ஒரு கூலர் வாங்கி கனாப்லயோ பேஜ்லயோ காய்கறி கடைல ரொப்பிக்கங்க, சின்ன ஊர்ல சாயங்காலமே கடை மூடிடும், குளிர்காலத்துல பாதி கடை திறக்கவே மாட்டாங்க.

ஆனந்த்: நாள் மிச்சம் பண்ண ராத்திரில ஓட்டலாம்னு பிளான். சிக்னல் இருக்குமா?

வேண்டாம்பா. ஹைவே 12லயும் 24லயும் மான் குறுக்க வரும், மாடு வேலி இல்லாம மேயும், கருப்பு மாடு ராத்திரில ரோட்டுல நின்னா பக்கத்துல போற வரைக்கும் தெரியாது. சிக்னல் ஊர் தாண்டினா போயிடும், ஆஃப்லைன் மேப் இறக்கிக்கோ, ஐபோன் 14ஓ அதுக்கப்புறம் வந்ததோ இருந்தா சாட்டிலைட் எஸ்ஓஎஸ் இருக்கு, அதை எப்படி யூஸ் பண்றதுன்னு வீட்டுலயே ஒரு தடவை டெமோ பார்த்துடு. ராத்திரிய ஓட்டறதுக்கு வீணாக்காதே, நேச்சுரல் பிரிட்ஜஸ்ல தங்கு. உலகத்துலயே முதல் டார்க் ஸ்கை பார்க் (விளக்கு வெளிச்சம் கெடுக்காத இருட்டு வானம் உள்ள பார்க்) அதுதான், 2007ல கொடுத்தாங்க. அமாவாசை பக்கமா போனா பால்வெளி மேகம் மாதிரி தெரியும்.

வித்யா (கடைசியா ஒண்ணு): கூட்டமே இல்லாத ஒரே ஒரு இடம்னா எதைச் சொல்வீங்க?

போல்டர்ல இருந்து பர் டிரெய்ல்ங்கற ரோட்டுல திரும்புங்க. கேபிடல் ரீஃப் எல்லை வரைக்கும் 30 மைல் தார் ரோடுதான், ரெண்டல் காரே போதும். நடுவுல லாங் கேன்யன்னு வரும், ரெண்டு பக்கமும் சிவப்புச் சுவரு, வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை ஆஃப் பண்ணுங்க. இறங்கினீங்கன்னா மண்ணுல கருப்பா மொறுமொறுன்னு பொருக்கு கட்டியிருக்கற இடத்துல மட்டும் கால் வெச்சுடாதீங்க, அது உயிருள்ள மண், ஒரு மிதிக்கு ஆறறதுக்கு வருஷக்கணக்காகும். பாறை மேலயோ ஓடை மணல்லயோ நடங்க. தார் ரோடு முடியற இடத்துல யோசிக்காம திரும்பிடுங்க, அதுக்கப்புறம் திரும்பவும் களிமண்ணு.