பச்சை நிறமாக மாறும் ரத்தக்கட்டு: கெட்ட ரத்தமா, சீழா?

மியான்மரின் மோல்மேனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். 68 வயதான அவருடைய தாயார், மழையில் பாசி பிடித்திருந்த வாசற்படியில் வழுக்கி, இடது இடுப்பு தரையில் மோத விழுந்துவிட்டார். மறுநாள் தொடையின் மேற்பகுதி கறுநீலமாகக் கன்றிப்போயிற்று. புளியையும் உப்பையும் கரைத்துக் காய்ச்சி, மஞ்சள் சேர்த்துப் பற்றுப் போட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு நாட்களுக்குப் பிறகு, அடியே படாத முழங்கால் ஓரத்தில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு படலம் தெரிகிறது. ரத்தம் கெட்டுவிட்டது, ஊசியால் குத்தி வெளியேற்ற வேண்டும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். தாயார் இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர். குத்தலாமா, இழந்த ரத்தத்துக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கலாமா என்பவை கேள்விகள்.

குத்தவே கூடாது. தோல் கிழியாத ரத்தக்கட்டுக்குள் பொதுவாகக் கிருமி இருப்பதில்லை. ஊசிதான் அதை உள்ளே கொண்டுபோகும். நீங்கள் பார்க்கும் பச்சை, அழுகலின் நிறமும் அன்று, சீழின் நிறமும் அன்று. கசிந்த ரத்தத்தில் இருந்த ஹீமோகுளோபினை உடல் பிரித்தெடுத்துக்கொண்டிருப்பதன் அடையாளம் அது.

அடிபட்டவுடன் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கிழிந்து, சிவப்பணுக்கள் தசைக்கும் தோலுக்கும் இடையே கசிகின்றன. ரத்தம் சிவப்பாக இருந்தாலும், ஆக்சிஜனை இழந்து ஆழத்தில் தேங்கி, தோலின் வழியாகப் பார்க்கப்படுவதால் நீலமாகவும் கறுப்பாகவும் தெரிகிறது. சில மணி நேரத்தில் விழுங்கணுக்கள் அங்கே வந்து சேர்ந்து, சிதைந்த சிவப்பணுக்களை முழுதாகவே விழுங்கத் தொடங்குகின்றன. அணுவிலிருந்து வெளியே சிந்திவிட்ட ஹீமோகுளோபினை ஹாப்டோகுளோபின் என்ற ரத்தப் புரதம் பற்றிக்கொண்டு அதே விழுங்கணுக்களிடம் ஒப்படைக்கிறது. கட்டின்றி அலையும் ஹீமோகுளோபின் திசுவை நச்சுப்படுத்தும் என்பதால் இந்த ஏற்பாடு.

விழுங்கணுவுக்குள் நடப்பதுதான் நிறங்களின் கதை. ஹீமோகுளோபினின் நான்கு புரத இழைகளும் அமினோ அமிலங்களாக உடைந்து மறுபயனுக்குப் போய்விடுகின்றன. அவற்றால் நிறம் எதுவும் வருவதில்லை. ஒவ்வோர் இழையிலும் பொதிந்திருக்கும் ஹீம் என்ற வளையத்தின் நடுவில் ஓர் இரும்பணு இருக்கிறது. 1968-ல் அடையாளம் காணப்பட்ட ஹீம் ஆக்சிஜனேஸ் என்ற நொதி அந்த வளையத்தை ஓரிடத்தில் அறுக்கிறது. உடனே மூன்று பொருள்கள் பிரிகின்றன: இரும்பு, மிகச் சிறிதளவு கார்பன் மோனாக்சைடு, பிலிவெர்டின் என்ற பச்சை நிறமி. வேறொரு நொதி அந்தப் பச்சையைச் சீக்கிரமே பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியாக மாற்றிவிடுவதால், தனிப் பச்சையை நாம் பார்ப்பது அரிது. நீலத்தின் விளிம்பில் மஞ்சள் கலந்துதான் பெரும்பாலும் தெரியும். மஞ்சள்காமாலையில் கண்ணை மஞ்சளாக்குவதும் இதே பிலிருபின்தான். ஆனால் கட்டிலிருந்து அது சிறிது சிறிதாக ரத்தத்தில் கலந்து, கல்லீரல் வழியாகப் பித்தத்தில் வெளியேறிவிடுவதால், அம்மாவின் கண்கள் வெண்மையாக இருக்கும்வரை காமாலை என்று அஞ்ச வேண்டியதில்லை.

இந்தப் பிரிப்பு வேலை அடிபட்டால் மட்டும் நடப்பதன்று. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாட்கள்; முதிர்ந்த அணுக்களை மண்ணீரலும் கல்லீரலும் தினமும் இதே முறையில்தான் பிரிக்கின்றன. அங்கே கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது, தொடையில் தோலுக்கடியில் தெரியும்படி நடக்கிறது, அவ்வளவுதான்.

அடி படாத முழங்காலுக்கு நிறம் எப்படிப் போயிற்று? கசிந்த ரத்தம் தசை உறைகளின் இடைவெளி வழியாகத் தாழ்வான பக்கம் இறங்கும். நெற்றியில் அடிபட்டவருக்கு இரண்டு நாளில் கண்ணிமை கறுப்பதும் இதனால்தான். நிறத்தை வைத்து நாளைக் கணக்கிடுவதும் நம்பத்தக்கதன்று. முதல் 18 மணி நேரத்தில் மஞ்சள் தோன்றுவதில்லை என்று 1991-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதற்கு அப்பால் நிறத்தைக் கொண்டு உறுதியாகச் சொல்லக்கூடியது அதிகமில்லை. நம்மைப் போன்ற கரிய தோலில் மஞ்சளைக் காண்பதே கடினம். மஞ்சள் பற்றும் போட்டுவிட்டால் எது பிலிருபின், எது பற்று என்று மருத்துவருக்கே தெரியாது.

கடைசியில் எஞ்சுவது இரும்பு. அதில் பெரும்பகுதி டிரான்ஸ்ஃபெரின் என்ற ரத்தப் புரதத்தில் ஏறி எலும்பு மஜ்ஜைக்குத் திரும்பிப் புதிய சிவப்பணுக்களுக்குப் பயன்படுகிறது. மிஞ்சியது ஹீமோசிடெரின் என்ற பழுப்புத் துகளாக விழுங்கணுக்களிலேயே தங்கிவிடும். பழைய ரத்தக்கட்டின் திசுத்துண்டை நுண்ணோக்கியில் வைத்தால், அணுக்களுக்குள் பனங்கற்கண்டுப் பொடி போன்ற பொன்பழுப்புக் குருணைகள் தெரியும். பொட்டாசியம் ஃபெரோசயனைடும் அமிலமும் விட்டால் அவை பளிச்சென நீலமாகும். பல ஆண்டுகள் பார்த்தும் அந்த நிறமாற்றம் எனக்குச் சலித்ததில்லை. நீலம் வந்தால், முன்னொரு நாள் அங்கே ரத்தம் கசிந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

எனவே இரும்பு மாத்திரையைப் பொறுத்தவரை கணக்கு இதுதான். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. தொடைக்குள் 100 மில்லிலிட்டர் கசிந்திருந்தாலும் அது 50 மில்லிகிராம்தான். அதுவும் உடலை விட்டு வெளியேறவில்லை. ஹீமோகுளோபின் அளவைச் சோதித்து, குறைவு என்று தெரிந்தால் மட்டும், மருத்துவர் சொன்னபடி மாத்திரை கொடுங்கள். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்த வேண்டாம். ரத்தத் தட்டணுக்களை மந்தப்படுத்தி ரத்தக்கட்டைப் பெரிதாக்கும் என்பது உண்மைதான். ஆனால் இதயத்துக்குக் கொடுத்த மருந்தை நிறுத்துவதா என்பதை, அதைக் கொடுத்த மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். கட்டு இருக்கும் இடத்தில் எண்ணெய் தேய்த்து அழுத்திப் பிடித்துவிடுவதையும் தவிருங்கள்.

நான் கவலைப்படுவது நிறத்தைப் பற்றியன்று, அந்த இடுப்பைப் பற்றித்தான். இந்த வயதில் இப்படி விழுந்தவருக்குத் தொடை எலும்பின் கழுத்து முறிந்திருக்கக்கூடும். சில முறிவுகளோடு நோயாளி நொண்டியபடி நடமாடவும் செய்வார். கவட்டியில் வலி இருந்தாலோ, அந்தக் காலை ஊன்ற முடியாவிட்டாலோ, கால் சற்றுக் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தாலோ உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வீக்கம் குறையாமல் இறுகி வளர்ந்தாலும், கால்விரல் மரத்தாலும், கட்டின் மேல் சூடும் காய்ச்சலும் கண்டாலும் காத்திருக்கக் கூடாது. வேறு இடங்களில் அடிபடாமலே கன்றினாலோ ஈறில் ரத்தம் வந்தாலோ ரத்தத் தட்டணுக்களை எண்ணிப் பார்ப்பது அவசியம். மழைக்காலத்தில் டெங்குவையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இவை ஒன்றும் இல்லையென்றால், பச்சையும் மஞ்சளும் இன்னும் சில வாரங்களில் வெளிறிவிடும். பழுப்புச் சாயல் சில மாதங்கள் தங்கலாம். அதை மறைக்க அம்மா தனக்கா என்ற மரப்பட்டைச் சாந்தைப் பூசிக்கொள்வதில் தவறில்லை. மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் நாளில் மட்டும் தனக்காவையும் மஞ்சளையும் நன்றாகக் கழுவிவிடுங்கள்.