எறும்புக் கூட்டம் புதுக் கூட்டைத் தேடும்போது முடிவெடுப்பது யார்?

எறும்புகள் கூடு மாறும்போது எந்த இடத்திற்குப் போவது என்பதை ராணி எறும்புதான் தீர்மானிக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ராணியின் வேலை முட்டையிடுவது. குடிபெயரும் நாளில் அதுவும் பெரும்பாலும் முட்டைகளையும் புழுக்களையும் போலவே தூக்கிச் செல்லப்படுகிறது. பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் என்னிடம் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இதைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றுள் பெரும்பகுதி டெம்னோதோராக்ஸ் என்னும் சிற்றெறும்பு இனங்களிடமிருந்து கிடைத்தது. இவற்றுள் நன்கு ஆராயப்பட்ட ஓர் இனம் இங்கிலாந்தின் தென்கரைப் பாறை இடுக்குகளில் வாழ்கிறது. ஓர் எறும்பின் நீளம் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் நைஜல் ஃபிராங்க்ஸ், அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் பிராட் முதலிய ஆய்வாளர்கள் கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே கூடு அமைத்து, எறும்புகளுக்குத் தனித்தனி வண்ணப்புள்ளி வைத்து, பிறகு கூட்டின் மேல்தகட்டை அகற்றிவிட்டு, வீடிழந்த கூட்டம் என்ன செய்கிறது என்று பொறுமையாகக் கவனித்தார்கள்.

ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வேலைக்கார எறும்புகளே இடம் தேடும் பணியில் ஈடுபடுகின்றன. இடத்தைக் கண்ட எறும்பு, உள்ளே போதிய இருட்டு இருக்கிறதா, வாசல் குறுகலாக இருக்கிறதா, கூட்டம் முழுவதும் தங்கத் தரைப்பரப்பு போதுமா என்றெல்லாம் சோதிக்கிறது. பரப்பை அளக்கும் முறையை 2000-இல் மாலனும் ஃபிராங்க்ஸும் விளக்கினார்கள்: முதல் வருகையில் எறும்பு தன் வாசனைத் தடத்தைத் தரையில் விட்டுச் செல்கிறது, மறுவருகையில் அந்தத் தடத்தை எத்தனை முறை குறுக்கிடுகிறது என்பதைக் கொண்டு, அடிக்கடி குறுக்கிட்டால் இடம் சிறியது, அரிதாகக் குறுக்கிட்டால் பெரியது என்று கணிக்கிறது.

என்னை மிகவும் வியக்க வைப்பது இதற்கு அடுத்த கட்டம். இடம் பிடித்துப்போன எறும்பு உடனே கூட்டத்தைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. ஒரே ஒரு தோழியை மட்டும் தன் பின்னால் நடத்திச் செல்கிறது. பின்வருவது உணர்கொம்பால் தொட்டுத் தொட்டுத் தொடர, தொடுதல் நின்றால் முன்செல்வதும் நின்று காத்திருக்கிறது. இப்படி நடப்பது, தூக்கிச் செல்வதைவிட மூன்று மடங்கு மெதுவானது. ஆனால் தூக்கிச் செல்லப்படும் எறும்பு சுருண்டு, தலைகீழாக, பின்னோக்கிய நிலையில் இருப்பதால் வழியைக் கற்றுக்கொள்வதில்லை. நடந்து வந்ததோ வழியைக் கற்றுக்கொள்வதோடு, இடத்தைத் தானே சோதித்து, தனக்கும் பிடித்தால் மட்டுமே இன்னொன்றை அழைத்து வருகிறது. அழைத்தவரின் சொல்லை அப்படியே நம்பாமல் ஒவ்வொருவரும் சென்று பார்த்து ஒப்புதல் தருவது போன்றது இது. அந்த மெதுவான நடைக்கு ஆகும் நேரம் வீணாவதில்லை என்பதே என் கருத்து.

நல்ல இடத்தைக் கண்ட எறும்பு விரைவில் அழைக்கத் தொடங்குகிறது, சுமாரான இடத்தைக் கண்டது தயங்குகிறது என்று 2001-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. ஆகவே நல்ல இடத்தில் கூட்டம் வேகமாகச் சேர்கிறது. அங்கே தன் இனத்தவரை எத்தனை அடிக்கடி சந்திக்கிறோம் என்பதை வைத்து, போதிய எண்ணிக்கை சேர்ந்துவிட்டது என்று உணர்ந்ததும், எறும்புகள் நடத்திச் செல்வதை விட்டுவிட்டு, மீதியிருப்பவர்களையும் ராணியையும் குஞ்சுகளையும் தூக்கிச் செல்லத் தொடங்குகின்றன. முடிவு பிறக்கும் தருணம் அதுதான். அருகிலிருந்த மோசமான இடத்தை விட்டுவிட்டு, அதைவிட ஒன்பது மடங்கு தொலைவிலிருந்த நல்ல இடத்தைக் கூட்டங்கள் தேர்ந்தெடுத்ததும் சோதனையில் பதிவாகியுள்ளது. எல்லா இடங்களையும் ஒப்பிட்டுப் பார்த்த தனி எறும்பு அதற்குத் தேவைப்படவில்லை. 2012-இல் சசாகியும் பிராட்டும் எட்டு இடங்களைக் கொடுத்தபோது, தனித்துவிடப்பட்ட எறும்புகள் தடுமாறின, கூட்டங்களோ நன்றாகவே தேர்ந்தெடுத்தன.

இவற்றை அப்படியே நம் வீட்டு எறும்புகளுக்குப் பொருத்திவிடக் கூடாது. அடுக்குமாடி வீடுகளின் சுவர்களில் வரிசையாகச் செல்லும் பாரோ எறும்புகள் வாசனைத் தடத்தைப் பின்பற்றுபவை. ஒரு கூட்டத்தில் பல ராணிகள் இருப்பதால், மருந்தடித்தால் பிரிந்து பல கூடுகளாகப் பரவிவிடும். ரம்புத்தான் மரத்தில் இலைகளைத் தைத்து வாழும் கெரெங்கா எறும்புகளோ ஒரே நேரத்தில் பல கூடுகளை வைத்திருப்பவை. அவற்றுக்கு "ஒன்றைத் தேர்ந்தெடுப்பது" என்ற சிக்கலே வேறு வடிவில் வருகிறது.

இன்னும் ஒன்று. போதிய எண்ணிக்கை என்பது மாறாத அளவு அன்று. 2003-இல் வெளிவந்த ஆய்வில், வீடிழந்த கூட்டத்தின் மீது காற்று வீசச் செய்தபோது, அவை குறைந்த எண்ணிக்கையிலேயே திருப்தியடைந்து விரைவில் குடிபெயர்ந்தன. அதற்கு ஈடாக, தரம் குறைந்த இடத்தில் போய்ச் சேரும் வாய்ப்பும் கூடியது. நெருக்கடி இல்லாதபோது அதே எறும்புகள் காத்திருந்து தேர்ந்தெடுத்தன.