சிலந்திக்கு ‘அம்மா’ என்று பெயர்: சிற்பி லூயிஸ் பூர்ஷ்வா பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: மேடம், சிலந்தி சிலைக்குப் போய் ‘அம்மா’ என்று பெயர் வைப்பார்களா?

பதில்: சிற்பி லூயிஸ் பூர்ஷ்வாவின் அம்மா ஜோசஃபின் பார்த்த வேலை தெரிந்தால் பெயர் பொருத்தம்தான் என்பீர்கள். பழைய சித்திரத் திரைச்சீலைகளைச் சீர்செய்யும் பட்டறை அவர்கள் குடும்பத் தொழில். கிழிந்த இடத்தில் இழை இழையாகப் புது நூல் ஓட்ட வேண்டும். பொறுமை இல்லாதவரால் முடியாது. சிலந்தியும் வலை அறுந்தால் கோபித்துக்கொள்வதில்லை, மறுபடி நெய்கிறது என்று லூயிஸே சொல்லியிருக்கிறார். 1999-இல் செய்த அந்தச் சிலந்திச் சிலை ‘மாமான்’ (பிரெஞ்சில் ‘அம்மா’) சுமார் 9 மீட்டர் உயரம். வயிற்றின் அடியில் பளிங்கு முட்டைகளைச் சுமந்து நிற்கும்.

கேள்வி: அக்கா, அவர் ஓவியம் படித்தது எங்கே?

பதில்: முதலில் வீட்டில்தான். தொங்கும் சீலையில் அடிப்பக்கம்தான் சீக்கிரம் நைந்துபோகும். உருவங்களின் பாதங்கள் இருப்பதும் அங்கேதான். காணாமல்போன அந்தப் பாதங்களை வரைந்து கொடுப்பது சிறுமி லூயிஸின் வேலை. அதன்மேல்தான் நூல் ஓடும். அப்புறம் பாரிஸில் சோர்போன் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தார். 1932-இல் அம்மா இறந்ததும் அதை விட்டுவிட்டுக் கலைப் பக்கம் வந்துவிட்டார்.

கேள்வி: அப்பாவை வெறுத்தாரா?

பதில்: வீட்டில் தங்கி ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த பெண்ணோடு அப்பாவுக்குத் தொடர்பு. அம்மா தெரிந்தும் பேசாமல் இருந்தார். அந்த வலி ஆறவே இல்லை. 1974-இல் ‘தந்தையின் அழிப்பு’ செய்தார்: சிவப்பு வெளிச்சத்தில் குகை மாதிரி ஒரு சாப்பாட்டு மேசை, அதில் பிள்ளைகள் அப்பனையே பிய்த்துத் தின்கிறார்கள். ஆனால் வெறுப்போடு நிறுத்திவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அப்பா பழைய நாற்காலிச் சட்டங்களைப் பரணில் தொங்கவிட்டிருப்பார். தன் தொங்கும் சிற்பங்களுக்கு மூலம் அதுதான் என்று மகளே சொல்லியிருக்கிறார்.

கேள்வி: குடும்பம், பிள்ளைகள்?

பதில்: 1938-இல் கலை வரலாற்று அறிஞர் ராபர்ட் கோல்ட்வாட்டரை மணந்து நியூயார்க் போனார். மூன்று மகன்கள். பெரிய பெயர் கிடைத்தது 1982-இல், எழுபது வயதில்.

கேள்வி: நான் தையல்காரர் மகள். அவர் ஊசி பிடித்தாரா?

பதில்: பிடித்தாரம்மா, எண்பது தாண்டி! பல வருடமாகச் சேர்த்து வைத்திருந்த தன் உடைகளையே வெட்டித் தைத்தார். 2002-இல் ஒரு துணிப் புத்தகம். கல்யாணத்துக்கு வந்த லினன் துண்டுகள்தான் அதன் பக்கங்கள். பெயரின் முதலெழுத்துப் பின்னல் சில பக்கங்களில் இன்னும் தெரியும்.